பிரேமிளாவின் இரண்டு கைகள்

கிளிநொச்சி நகரத்தில் ஒரு பெரிய பலசரக்குக் கடை இருக்கிறது. உள்ளே போனால் குளிர் அடிக்கும். அதன் கண்ணாடி வாசலில் நீலச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கிற செக்கியூரிட்டிப் பிள்ளையை அந்தப் பக்கம் போய்வருகிற எல்லாருக்கும் தெரியும். பெயர் பிரேமிளா. தர்மபுரத்துப் பிள்ளை. முப்பத்தொரு வயது, கலியாணம் இல்லை, தாயும் அவளும்தான். காலையில் முதல் பஸ்ஸில் வந்து பின்னேரம் போவாள். "பையை இதிலை வைச்சிட்டுப் போங்கோ" என்று அவள் சொல்கிற விதத்தைக் கேட்டால், பையைக் கொண்டுவந்தவர் அவளா நாங்களா என்று சந்தேகம் வந்துவிடும். அவ்வளவு பயந்த குரல். இப்படிப்பட்டவளை வாசலில் நிறுத்தினவர்களை என்ன சொல்ல?

போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் கடைக்குள் சனம் நிரம்பி வழிந்தது. நல்லாய்க் குடித்திருந்த ஒருவன் முதுகில் பையோடு உள்ளே நுழையப் பார்த்தான். பிரேமிளா மறித்தாள். அவன் கையில் இருந்த ஹெல்மெற்றைச் சும்மா ஒரு வீச்சு வீசிக் காட்டினான். அடிக்கவில்லை, வெருட்டினான். அவ்வளவுதான். பிரேமிளாவின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. உள்ளங்கை விரிந்து, விரல்கள் பரந்து, கண் இறுக மூடி, அப்படியே நின்றாள். வெறிகாரனுக்கே வெறி முறிந்துவிட்டது.

"என்ன பிள்ளை, நான் என்ன துவக்கோ வைச்சிருக்கிறன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான். சுற்றி நின்ற சனமும் சிரித்தது. எல்லாரும் அல்ல. நாற்பது தாண்டியவர்கள் சிலர் சிரிக்காமல் தங்கள் சாமான்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தெரியும், அந்தக் கை எங்கே பழகிய கை என்று.

மனேஜர் விஜிதரன் கெட்ட மனுசன் இல்லை. ஆனால் கடை நடத்த வேண்டுமே.

"பிள்ளை, வாசல்லை நிக்கிற நீ கையைத் தூக்கினா, உள்ளுக்கை கிடக்கிற அரிசி மூட்டையோ எழும்பி வந்து கள்ளனைப் பிடிக்கிறது? மூண்டு மாசம் தாறன். கராத்தேயோ கிராத்தேயோ ஏதாவது பழகு. இல்லாட்டி வேறை ஆளைப் பாக்கிறதைத் தவிர எனக்கு வழியில்லை."

பிரேமிளா ஓம் என்று தலையாட்டினாள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. அதற்குப் பதினாறு வயது.

யுத்தத்தின் கடைசி நாட்களில் அவளுக்குப் பதினைந்து வயது. தங்கச்சி டிலக்சிகாவுக்கு ஆறு. வீட்டில் டிலா என்று கூப்பிடுவார்கள். தகப்பன் அப்புத்துரைக்குத் தொடையில் காயம். தாய் ஜெகதீஸ்வரி அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு முன்னால் போக வேண்டியிருந்தது. இராணுவம் நின்ற பக்கத்துக்குப் போகிற பாலத்தடிக்கு வருமுன் தாய் திரும்பிச் சொன்ன ஒரே சொல், "தங்கச்சியின்ரை கையை விட்டிடாதை." பிரேமிளா விடவில்லை. வலக்கையால் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் எறும்புச் சாரை மாதிரி சனம். பாதி தூரத்தில் துவக்கோடு நின்றவர்கள் கத்தினார்கள். கை, இரண்டு கையும், மேலே! முன்னால் போன சனம் முழுக்கக் கையைத் தூக்கியது. பிரேமிளாவும் தூக்கினாள். இரண்டு கையையும்.

ஒரு கையைத் தூக்கியிருக்கலாமே என்று இப்போது கதிரையில் இருந்துகொண்டு கேட்பது சுகம். அன்றைக்கு அங்கே நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கையை இறக்கியபோது பக்கத்தில் டிலா இல்லை. பின்னால் வந்த சனம் தள்ளிக்கொண்டு போனது. அக்கரையில் தாய் கேட்டார், "எங்கையடி சின்னவள்?" பிரேமிளாவின் வாயில் வந்தது இதுதான்: "சனம் நெருக்கி ஆரோ இழுத்தவை அம்மா, கையைப் பறிச்சுப் போட்டினம்."

ஒரு பயத்தில் வந்த பொய். அடுத்த நாள் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் முகாம், அடுத்த மாதம் தகப்பனுக்குப் புண் பழுத்தது, இரண்டு வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். பொய் மட்டும் சாகவில்லை. அதைத் தாய் எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டார். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் நீதி கேட்டு இருக்கிற கொட்டகையில் டிலாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் சொல்வார்: "என்ரை மூத்தவள் கையை விட்டிருக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும். பறிச்சவங்கள் தம்பி, பறிச்சவங்கள்." பக்கத்தில் இருக்க நேர்ந்தால் பிரேமிளா தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிப் போய்விடுவாள்.

இப்போது மறுபடியும் காணாமல் போனவர்களைப் பற்றிய ஒரு விசாரணைக்குக் கடிதம் வந்திருந்தது. சித்திரை வருசப் பிறப்புக்கு அடுத்த கிழமை, திங்கட்கிழமை.

"எத்தினை தரம் நான் போய் ஒப்பிச்சிட்டன்" என்றார் தாய். "நான் முன்னுக்குப் போனனான், எனக்கென்ன தெரியும்? நீதானே கடைசியாக் கண்டனி. இந்தமுறை நீ வந்து உன்ரை வாயாலை சொல்லு. வேலை கீலை எண்டு சாட்டுச் சொல்லாதை."

அங்கே போய், எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவார்கள். டிலாவின் பெயருக்குக் கீழே அந்தப் பொய்க்குத் தன் கையால் ஒப்பம் வைக்க வேண்டும். அல்லது அதற்கு முதல் தாயிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் அவளிடம் தைரியம் இருக்கவில்லை.

தர்மபுரம் பொது மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பெண்களுக்குக் கராத்தே பழக்கினார்கள். பழக்கியவள் சாரங்கா, இருபத்துமூன்று வயது, பள்ளிக்கூடக் காலத்தில் மாகாணம் வரை போய் வென்றவள். வந்தவர்கள் எல்லாம் அவளைவிட மூத்தவர்கள். அவள் "அக்கா, அக்கா" என்றபடியே எல்லாருடைய முதுகையும் முறித்துவிடுவாள். பிரேமிளா நிற்க, நடக்க, குத்த, உதைக்க எல்லாம் பழகினாள். காற்றைக் குத்துவதில் அவளுக்கு நிகர் இல்லை. ஆள் எதிரே வந்தால்தான் சோலி. வேகமாக ஒருவர் ஓரடி முன்னால் வைத்தால் போதும், கைகள் இரண்டும் மேலே போய் விரிந்துவிடும்.

"அக்கா, அப்பிடித் தூக்கினா தோத்திட்டன் எண்டுதான் அர்த்தம்" என்று சாரங்கா நூறு தரம் சொல்லியிருப்பாள். "குத்து முகத்துக்கு நேரை நிக்கவேணும். முஷ்டியை இறுக்குங்கோ."

"நானே தூக்கிறன் மிஸ்? அது தன்ரை பாட்டிலை போகுது."

இதை அவள் உண்மையாகவே நம்பினாள். தன்பாட்டில் போகிற கை. யார் என்ன செய்ய முடியும்? பதினாறு வருடமாக இரவில் நித்திரை கொள்வதற்கு அவளிடம் இருந்த ஒரே சமாதானம் அது.

அவளோடு சோடி சேர்ந்து பழகியவள் ஸுல்பா. சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிற ஸுஹைபின் மனைவி. முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது முல்லைத்தீவிலிருந்து கைக்குழந்தையாகத் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டித் திரும்பி வந்தவள். முக்காட்டை இறுக்கி ஊசி குத்திக்கொண்டு களத்தில் இறங்கினால் சிரிப்பும் அடியும் ஒன்றாக வரும். அவள்தான் ஒருநாள் தன் பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து நீட்டினாள்.

"இந்தா புள்ள. இதைக் கைக்குள்ளை வைச்சுப் பொத்து. கை விரிஞ்சா விழும், விழுந்தா உனக்கே தெரியும். என்ரை சின்ன மகனுக்குப் பென்சில் பிடிக்கப் பழக்கினது இப்பிடித்தான்."

"எனக்கென்ன நாலு வயசே, ஸுல்பாக்கா?"

"அவன் ஒரு கிழமையிலை பழகிட்டான். நீ ரெண்டு மாசமா நிக்கிறாய். அப்ப ஆருக்கு நாலு வயசு?"

பிரேமிளா வாங்கிக்கொண்டாள். கடை வாசலில் நிற்கும்போதும் வலக்கைக்குள் அது இருந்தது. நாளுக்குப் பத்துத் தரம் விழுந்தது. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் விழும். மோட்டார் சைக்கிள் வெடித்தால் விழும். குனிந்து குனிந்து பொறுக்கினாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமைதான் அவர்களுக்கு முதல் குமித்தே. குமித்தே என்றால் இருவர் எதிரெதிர் நின்று உண்மையாகவே மோதுவது. இரண்டு நிமிடம். சுத்தமாகப் பட்ட ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி. பிரேமிளாவுக்குச் சிவப்புக் கையுறை, ஸுல்பாவுக்கு நீலம். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது தாய் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"இந்த வயசிலை உனக்கென்னடி அடிபாடு?" என்றார். "இருக்கிற ஒண்டும் முறிஞ்சு வந்து நிக்கப்போகுது. போ, போ. மத்தியானச் சோறு மூடி வைக்கிறன்."

மண்டபத்தில் நீள வாங்குகளில் முப்பது நாற்பது பேர் வந்து இருந்தார்கள். ஸுஹைபும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சாரங்கா இருவரையும் வணங்கச் சொன்னாள். கையுறை கையின் மேற்புறத்தை மூடுமே தவிர உள்ளங்கை வெறுமைதான். அங்கே புளியங்கொட்டை இருந்தது. பிரேமிளா பல்லுக் காப்பை நாக்கால் தள்ளிச் சரிசெய்தாள்.

தொடங்கச் சொன்னதும் ஸுல்பா ஒரே பாய்ச்சலாக வந்தாள். பிரேமிளாவின் கைகள் மேலே போயின. விரிந்தன. புளியங்கொட்டை சீமெந்துத் தரையில் விழுந்து துள்ளியது. நெஞ்சில் குத்து விழுந்தது. சாரங்கா நிறுத்தி நீலத்துக்குப் புள்ளி கொடுத்தாள்.

"விட்டுக்குடுக்கிறீங்களோ அக்கா?" என்று சாரங்கா கேட்டாள். கை அப்படி மேலே நின்றதால் அவளுக்குக் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

பிரேமிளா முழங்காலில் குந்தித் தரையைத் தடவினாள். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "என்னடாப்பா, பல்லு விழுந்திட்டுதோ?" என்று ஒருவர் கேட்டார். கொட்டையைக் கண்டெடுத்து மறுபடி பொத்திக்கொண்டு எழும்பினாள்.

இரண்டாவது தரமும் அதேதான். விழுந்தது, குத்து வாங்கினாள், பொறுக்கினாள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஸுல்பாவின் முகத்தில்கூடச் சிரிப்பைக் காணோம். "பிடியடி" என்றாள் பல்லுக் காப்புக்குள்ளால். "எது வந்தாலும் விடாதை. பிடி."

மூன்றாவது தரம் ஸுல்பா உதைத்தாள். வயிற்றில் பட்டது, இன்னொரு புள்ளி. ஆனால் அந்த நேரம் கை நெற்றி வரை போய் நின்றதை பிரேமிளா கண்டாள். கொட்டை உள்ளேயே இருந்தது. ஐயோ, நிற்கிறதே! தன் கையைத் தானே புதிதாகப் பார்ப்பவள் மாதிரிப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்ச விநாடிதான் மிச்சம். ஸுல்பா திரும்பவும் வந்தாள், முதல் தரத்தைவிட வேகமாக. பிரேமிளாவின் கைகள் எழும்பின. தோள் வரை வந்தன, முகம் வரை வந்தன, அங்கே நின்றன. பொத்தியபடி நின்றன. கொட்டை உள்ளங்கையில் ஆணி மாதிரிக் குத்தியது. அவள் பின்னால் போகாமல் ஓரடி முன்னால் வைத்து, வலக்கையை நீட்டி, ஸுல்பாவின் நெஞ்சுக் காப்பில் ஒரு குத்து விட்டாள். மண்டபம் முழுக்கக் கேட்ட சத்தம். சாரங்காவின் கை சிவப்புப் பக்கம் எழுந்தது.

மூன்றுக்கு ஒன்று. தோல்விதான். ஆனால் வாங்குகள் எல்லாம் எழும்பிக் கைதட்டின. குத்து வாங்கின ஸுல்பாவே அவளைக் கட்டிப்பிடித்து, "அல்லாஹ்வே, இஞ்ச பாருங்க, இந்தப் புள்ள எனக்கு அடிச்சிட்டாள்!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். சாரங்கா வந்து முதுகில் தட்டினாள். "பாத்தீங்களே அக்கா? தன்ரை பாட்டிலை போற கை எண்டு ஒண்டும் இல்லை. நீங்கள் சொன்னா அது கேக்கும்."

நல்ல மனதோடு சொன்ன சொல்தான். பிரேமிளா சிரித்தாள். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியடிக்குப் போய், கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நடுவில் கொட்டையின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. இறுக்கினால் கை நிற்கும். அப்படியென்றால் அன்றைக்கும் நின்றிருக்கும். அந்த எண்ணம் வந்ததும் அவள் தாங்கிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வயிற்றில் உதை பட்டது நோகுதாக்கும் என்று ஸுல்பா நினைத்துக்கொண்டு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பதினாறு வருடச் சமாதானத்தை ஒரு குத்தில் இழந்துவிட்டாள் பாருங்கள். ஆனால் வந்த தைரியம் போகவில்லை. அன்றைக்கு மனதில் ஏற்றிக்கொண்டதை அன்றைக்கே செய்துவிட வேண்டும் என்று சைக்கிளை மிதித்தாள். தாய் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒருக்கா இருங்கோ. ஒரு கதை சொல்லவேணும்."

"என்னடி, எங்கை முறிஞ்சுது?"

"ஒண்டும் முறியேல்லை. டிலாவின்ரை கையை ஆரும் பறிக்கேல்லை அம்மா. நான்தான் விட்டனான். தூக்கச் சொன்னவங்கள், ரெண்டு கையையும் தூக்கினனான். நான்தான் விட்டனான்."

தாயின் கையில் ஒரு விறகு இருந்தது. அதை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் வைத்தார். முழுக்க அடுக்கி முடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மூடி வைத்த சோறு மூடியபடியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாய் ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. விளக்குமாற்றை எடுத்து அடித்திருந்தால் இன்னும் நல்லது. பிரேமிளா தேத்தண்ணி ஊற்றி வைத்தாள், அது ஆறிப்போனது. திங்கட்கிழமை விடிய, தாய் டிலாவின் படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு தன்பாட்டில் பஸ்ஸுக்கு நடந்தார். பிரேமிளா பின்னால் போனாள். பஸ்ஸிலும் தாய் தனிய ஒரு இருக்கையில் இருந்தார்.

விசாரணை அறையில் மூன்று கதிரை, ஒரு மேசை. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், வயது, இடம், திகதி எல்லாம் கேட்டார். பிறகு கேட்டார், "கடைசியாப் பிள்ளையின்ரை கையை ஆர் பிடிச்சிருந்தது?"

பிரேமிளா வாயைத் திறந்தாள். அதற்குள் தாய் சொல்லிவிட்டார்.

"நான்."

எழுதுகிறவர் மேசையில் கிடந்த பழைய கோவையைப் புரட்டிப் பார்த்தார். "அம்மா, நீங்கள் முந்தி மூத்தவ பிடிச்சிருந்தவ எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது பிழை. நான்தான் பிடிச்சிருந்தனான். நான்தான் விட்டனான். என்ரை பேரை எழுதுங்கோ." தாய் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவள் அப்ப சின்னப்பிள்ளை. பதினைஞ்சு வயசு. இவளுக்கு ஒண்டும் தெரியாது."

இரண்டு நாளாகத் தாய் மௌனமாக இருந்து கட்டிக்கொண்டது இதைத்தான் என்று பிரேமிளாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சும்மா இருந்தால் போதும். தாய் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், செத்த பிறகும் தூக்கிக்கொண்டு போவார். மேசைக்குக் கீழே பிரேமிளாவின் வலக்கை தானாகவே பொத்திக்கொண்டது. உள்ளே கொட்டை ஒன்றும் இல்லை.

"இல்லை மிஸ்" என்றாள். மன்னிப்புக் கேட்கிற அந்தப் பழைய குரல் இல்லை. "அம்மா முன்னுக்கு அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போனவா. பிடிச்சிருந்தது நான். விட்டதும் நான். என்ரை பேரைத்தான் எழுதவேணும்."

எழுதுகிறவர் பேனையைக் கீழே வைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மேசையில் எத்தனை கதை கேட்ட மனுசியோ, அவருக்கும் கண் கலங்கியது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கையை விட்டபோது பிள்ளை என்ன செய்தது? அழுததோ? ஓடினதோ?"

இதுதான் அவள் ஒருவருக்கும் சொல்லாதது. சனிக்கிழமை தாய்க்கும் சொல்லாதது.

"அழேல்லை" என்றாள் பிரேமிளா. "ஒருக்காக் குனிஞ்சு பாத்தனான். அவள் என்னை நிமிந்து பாத்தவள். நான் தூக்கியிருக்கிறதைப் பாத்திட்டு, அவளும் தன்ரை ரெண்டு கையையும் தூக்கினவள். நல்லா எட்டித் தூக்கினவள். அக்கா செய்யிறதைச் செய்யவேணும் எண்டு நினைச்சிருப்பாள். அதுதான் நான் கண்டது. அதுக்குப் பிறகு காணேல்லை."

தாயின் தொண்டைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாத சத்தம். பிறகு தாய் மேசைக்குக் கீழே கையை விட்டுத் தேடி, பிரேமிளாவின் வலக்கையைப் பிடித்தார். பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, தன் கையை உள்ளே வைத்து, மறுபடி பொத்தினார்.

பிரேமிளா இடக்கையால்தான் கையெழுத்து வைத்தாள். கோணல் மாணலாக வந்தது, எழுதுகிறவர் அதை அப்படியே வாங்கிக் கோவைக்குள் வைத்தார். பஸ் நிலையம் வரை வெயிலில் நடந்தார்கள், தர்மபுரம் பஸ் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தது, அன்றைக்கு இருக்கை கிடைக்கவில்லை. சனத்துக்குள் நெருக்குப்பட்டு நின்றபடி தாய் மற்றக் கையால் இடுப்புப் பையைத் தடவி டிக்கெற்றுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார். வீட்டுப் படலையைத் திறக்கும் மட்டும் பிரேமிளாவின் கையை அவர் விடவில்லை.